மரத்துப்போன கைக்குப் பிசிறு வெட்டும் வேலையா?

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், அவர்களுக்குக் கீழே புரொடக்‌ஷன் பார்க்கிற மேனேஜர்களுக்கும்,

போன மாதம் எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். உடம்புக்கு முடியாமல் டார்கெட் எடுக்க முடியாத டைலர்கள் ஹெல்பர் செக்‌ஷனுக்கு மாற்றப்படுவார்கள், கூலியும் ஹெல்பர் கூலிதான் என்று அதில் இருந்தது. ஒட்டிய மூன்றாம் நாளே என் பக்கத்து மெஷின் அக்காவை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். 22 வருசம் ஓவர்லாக் ஓட்டியவர். ஷிப்டுக்கு 150 ரூபாய் குறைந்தது. அதைக்கூட விடுங்கள், அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? பிசிறு வெட்டுவது. அந்தக் குட்டிக் கிளிப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாள் முழுக்க அழுத்தி அழுத்தி நூல் முனையை வெட்டுகிற வேலை.

அவருக்கு வந்திருப்பது மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிற நோய். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு சூப்பர்வைசர் மேஜை டிராயரில் இருக்கிறது. அதை ஒருத்தர் எடுத்துப் படித்திருந்தால் இந்த வேலையைக் கொடுத்திருக்க மாட்டார்கள். படித்தும் கொடுத்தார்கள் என்றால் அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த அக்கா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கம்பெனியிலும் லைனுக்கு ஒருத்தராவது இப்படி இருப்பார். ரெண்டு வருசத்துக்கு முன்னால் ராத்திரி தூக்கத்தில் வலது கை மரத்துப்போய் எழுப்பிவிட ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து கையை உதறு உதறென்று உதறினால் கொஞ்சம் சரியாகும், படுத்தால் மறுபடி வரும். வாயுப் பிடிப்பு என்றார்கள், பூண்டு தின்றார். சுளுக்கு என்றார்கள், வழித்துவிட்டார்கள். ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை. சூப்பர்வைசரிடம் சொன்னால் டப்பாவிலிருந்து ஒரு வலி மாத்திரை எடுத்துக் கொடுப்பார், அட்டையைக்கூடக் கொடுக்க மாட்டார், அது என்ன மாத்திரை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வலி மாத்திரைகளில் பலவற்றை வெறும் வயிற்றில் மாசக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், கிட்னிக்கும் ஆகாது. எங்களில் பாதிப் பேர் காலையில் டீயோடு வருகிறவர்கள்.

அப்புறம் டம்ளர் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. லூப்பருக்கு நூல் கோக்க ட்வீசரைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை என்றார். நான்தான் கோத்துக் கொடுப்பேன். ஒருநாள் அவரே ஒரு விசயம் கவனித்துச் சொன்னார்: "அம்மணி, எல்லா விரலும் மரக்குது, இந்தச் சுண்டு விரல் மட்டும் நல்லாருக்குது பாரு."

அந்த ஒரு வரியைக் கேட்டதும் கோயம்புத்தூரில் பார்த்த நரம்பு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ரெண்டு புறங்கைகளையும் ஒட்டி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிசம் வைத்திருக்கச் சொன்னார். ஒரு நிமிசம் ஆகவில்லை, கை விறுவிறுக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு நரம்பில் லேசாகக் கரண்ட் வைத்து அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிற டெஸ்ட். அதில் உறுதியாகிவிட்டது. துணைக்குப் போனது நான் என்பதால் அவர் சொன்னது எல்லாம் எனக்கும் பாடமாக ஏறியது.

மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. மூன்று பக்கம் எலும்பு, மேலே பட்டையான ஒரு தசைநார் கூரை. அதற்குள்ளே விரல்களை மடக்குகிற 9 தசைநாண்கள் போகின்றன, அவற்றோடு ஒட்டி ஒரே ஒரு நரம்பும் போகிறது. கையை மடக்கி மடக்கி, அழுத்திப் பிடித்து, வருசக்கணக்கில் ஒரே வேலை செய்தால் உள்ளே வீக்கம் வரும், பாதையோ விரியாது, அப்போது நசுங்குவது அந்த நரம்பு. அது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. சுண்டு விரலுக்குப் போகிற நரம்பு வேறு, அது இந்தப் பாதைக்குள் வருவதில்லை. அதனால்தான் அது தப்பித்தது. நேரத்தோடு வந்திருந்தால் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கிற ஒரு பட்டை, கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு, தேவைப்பட்டால் ஒரு ஊசி என்று முடித்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது கட்டைவிரல் அடிச் சதை வற்ற ஆரம்பித்துவிட்டது. ஆபரேசன் செய்து அந்தக் கூரையை வெட்டிவிட்டால் மரத்துப்போவது பெரும்பாலும் நிற்கும், ஆனால் வற்றிய சதை பழையபடி வருமா என்பதற்கு அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

இந்தக் கையைத்தான் கிளிப்பர் அழுத்த அனுப்பியிருக்கிறீர்கள்.

என் கதை வேறு. எனக்கு 43 வயது, 19 வருசமாக டைலர். டீ சர்ட்டுக்குக் கை ஜாயின்ட் அடிக்கிறேன். எனக்கு மரத்துப்போவது கிடையாது, தோள்பட்டையில் குடைச்சல். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. கையைத் தூக்கும்போது இடுப்பு உயரம் வரை ஒன்றும் இல்லை, தோள் உயரத்தை நெருங்கும்போது உயிர் போகும், அதைத் தாண்டி முழுசாகத் தூக்கிவிட்டால் வலி விட்டுவிடும். விசித்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். தோளை நான்கு சின்னத் தசைகள் சுற்றிப் பிடித்திருக்கின்றன, அதில் ஒன்றின் நாண் தோள் எலும்பின் கூரைக்கு அடியில் ஓடுகிறது, கை தூக்கும்போது அந்த நடு உயரத்தில்தான் அது மாட்டி உரசும், அதனால்தான் வலி நடுவில் மட்டும் வருகிறது என்று பிசியோதெரபி பார்க்கிற பெண் விளக்கினாள்.

எங்கிருந்து வந்தது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். வெட்டிய துணிப் பண்டலை எங்கே வைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். என் இடது தோளுக்குப் பின்னால், ஒரு ஸ்டூல் மேல். உடல் பாகத்தை ஒரு பக்கமிருந்து எடுக்கணும், சட்டைக் கையை இன்னொரு பக்கமிருந்து எடுக்கணும், அடித்து முடித்ததை எதிரே எறியணும். மணிக்கு 90 பீஸ். ஒன்றரை ஷிப்டில் சாப்பாடு, டீ நேரம் கழித்து 10 மணி நேர வேலை. 900 பீஸ். ஒரு பீஸுக்கு நான்கு தடவை கையை நீட்டுகிறேன் என்றால் ஒரு நாளைக்கு 3600 தடவை. இப்போது டார்கெட் 110 என்கிறார்கள், அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். (ஒன்றரை ஷிப்டுக்கு ஓவர்டைம் எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்பது தனிக் கதை. தொழிற்சாலைச் சட்டம் இரட்டைக் கூலி என்று சொன்னது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.)

இதைச் சொன்னபோது எங்கள் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "அக்கா, துணி என்னங்க்கா கனம், நூறு கிராம்கூட வராதே" என்றார். நல்ல மனுசர்தான், கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியவில்லை. துணி கனமில்லை தம்பி, கை கனம். 60 கிலோ இருக்கிற ஒருத்தருக்கு ஒரு கை மட்டும் ஏறக்குறைய 3 கிலோ. அதை உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிப் பிடிக்கும்போது தோள்தான் தூக்குகிறது. நம்பிக்கை இல்லை என்றால் முதலாளிகள் எல்லாரும் ஒரு காலி டம்ளரைக் கையில் பிடித்து, கையை முன்னால் நீட்டி ஐந்தே நிமிசம் அப்படியே நில்லுங்கள். ஆறாவது நிமிசம் பேசுவோம்.

கை அசையாமல் இருந்தால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மெஷினுக்கு மேலே லைட் மங்கல், அதனால் பொடனியைக் குனிந்து, தோள் ரெண்டையும் காதுப் பக்கம் தூக்கியபடியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். அப்படி இறுகியே இருக்கிற சதைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. முதுகுக்குச் சாய ஒன்றும் இல்லாத ஸ்டூல், அதன்மேல் நாங்களே வேஸ்ட் துணியை மடித்துப் போட்டுக்கொண்ட மெத்தை. டேபிள் உயரம் ஆறடிக்காரனுக்கும் நாலே முக்கால் அடி இருக்கிற எனக்கும் ஒன்றுதான்.

சாய்மானம் வைத்த நாற்காலி கம்பெனியில் இல்லாமல் இல்லை. சரக்கு வாங்குகிற பையர்கள் சோதனைக்கு (ஆடிட்) வருகிற அன்று காலையில் இறங்கும். சாயங்காலம் ஆபீஸுக்குத் திரும்பிப் போய்விடும். போன தடவை நான் ஒரு நாள் முழுக்க அதில் உட்கார்ந்து அடித்தேன், அன்று டார்கெட்டைவிட 40 பீஸ் கூடவே வந்தது. யாரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லா வலியையும் "கை வலி" என்று ஒரே பையில் போட்டுவிடுகிறீர்கள், அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. செக்கிங்கில் ஒரு பெண்ணுக்குச் சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரக்கிறது, எங்கள் அக்காவுக்கு நேர் எதிர். அவள் நாளெல்லாம் முழங்கையை மடக்கி டேபிள் விளிம்பில் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். முழங்கையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு அங்கே தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது, விளிம்பில் நசுங்குகிறது. பத்து ரூபாய் ஃபோம் ஒட்டினால் பாதி தீரும். அயர்ன் டேபிளில் ஒருத்தருக்குத் தோள் இறுகிப்போய்விட்டது, அவர் தூக்கினாலும் போகாது, அடுத்தவர் தூக்கிவிட்டாலும் போகாது. என் கையை டாக்டர் தூக்கினால் போகிறது, அதுதான் ரெண்டுக்கும் வித்தியாசம். தோள் இறுகுவது சுகர் இருப்பவர்களுக்கு அதிகம் வரும், சரியாக வருசக்கணக்கில்கூட ஆகும், வலி உச்சத்தில் இருக்கும்போது யாராவது முறுக்கி இழுத்தால் இன்னும் மோசமாகும். பேக்கிங்கில் தலைக்கு மேலே பெட்டி அடுக்குகிற பையனுக்குக் கையை உயர்த்தினால் கை முழுக்க மரக்கிறது. கழுத்துக்கும் தோள் எலும்புக்கும் நடுவில், முதல் விலா எலும்புக்கு மேலே இருக்கிற இடுக்கில் நரம்புக் கட்டு நசுங்கலாம் என்று சந்தேகப்பட்டு ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார்கள்.

பிசிறு வெட்டுகிற ஒரு பெண்ணுக்குக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வீங்கி, குழந்தையைத் தூக்க முடியாமல் அழுகிறாள். அவளுக்கு 19 வயது. வயசாச்சு என்று இவளிடமும் சொல்லிப் பாருங்கள்.

நியாயமாகப் பேசுவோம். சுகர், தைராய்டு இருந்தால் நரம்பு சீக்கிரம் நசுங்கும், எனக்கே சுகர் இருக்கிறது. கர்ப்ப காலத்திலும் வரும். வீட்டில் துணி துவைக்கிறோம், தேங்காய் துருவுகிறோம், தண்ணீர் தூக்குகிறோம், அதுவும் சேரும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரே அசைவை 3600 தடவை யாரும் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமையும், தீபாவளி லீவில் ஊருக்குப் போனாலும் வலி குறைகிறது, வேலைக்கு வந்த ரெண்டாம் நாள் திரும்பி வருகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதை நோய் என்று மட்டும் எழுதுவதா, வேலையால் வந்த நோய் என்று எழுதுவதா என்பது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. இஎஸ்ஐயில் (தொழிலாளர் காப்பீட்டில்) சாதாரண நோய் விடுப்பு என்றால் கூலியில் 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரைதான். வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்றுக்கொண்டால் 90 சதவீதம், வேலை செய்ய முடியாமல் இருக்கிற காலம் முழுக்க. அக்காவுக்கு முதல் வகைதான் கிடைத்தது, அதுவும் ஆபரேசன் தள்ளிப்போனதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்கள் என்று 29 இருந்தன. ஈய விஷம், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், சத்தத்தால் காது கேட்காமல் போவது எல்லாம் இருந்தன. கை மரத்துப்போவது அதில் இல்லை. ஆனால் உலகத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நசுங்குவதும், கட்டைவிரல் அடி நாண் வீங்குவதும் தெளிவாகவே இருக்கின்றன. சர்வதேசத் தரம் என்று பையர்களிடம் சொல்கிற நீங்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விசயம் நன்றாகத் தெரிகிறது. இந்த நோட்டீஸுக்குப் பிறகு எங்கள் லைனில் யாரும் வலி என்று வாயைத் திறப்பதில்லை. கையில் பட்டை போட்டிருந்த ரெண்டு பேர் கழற்றிப் பையில் வைத்துவிட்டார்கள். சொன்னால் கூலி போகும் என்றால் சதை வற்றுகிற வரைக்கும் சொல்ல மாட்டோம். அப்படி ஆகும்போது உங்களுக்கும் பழகிய டைலர் போகிறார், புதுசாக ஒரு பிள்ளையைப் பிடித்துக் கை ஜாயின்ட் கற்றுக்கொடுத்து 90 பீஸ் எடுக்க எத்தனை மாசம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

நாங்கள் கேட்பது இவைதான்.

அந்த நோட்டீஸைக் கிழியுங்கள். எங்கள் கம்பெனியில் மட்டும் இல்லை, எழுதாமலே அதே பழக்கம் வைத்திருக்கிற எல்லாக் கம்பெனியிலும். கை முடியாதவரை வேறு வேலைக்கு மாற்றத்தான் வேண்டும் என்றால் டாக்டர் சீட்டில் எந்த அசைவு கூடாது என்று எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து மாற்றுங்கள், கூலியைத் தொடாதீர்கள். அக்காவிடம் பிடித்த 150 ரூபாயை முதல் நாளிலிருந்து கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பண்டல் ஸ்டூலைத் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்து, முழங்கை உடம்போடு ஒட்டியபடி எட்டுகிற தூரத்தில் முன்னால் வையுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, நாளைக்குக் காலையிலேயே செய்யலாம். சாய்மானமும் உயரம் மாற்றுகிற வசதியும் உள்ள நாற்காலியை ஆடிட் இல்லாத நாளிலும் எங்களுக்கே விடுங்கள். டேபிள் விளிம்புக்கு ஃபோம், மெஷினுக்கு நல்ல லைட், பிசிறு வெட்டுகிறவர்களுக்குக் கூர் மழுங்காத கிளிப்பர். மழுங்கிய கிளிப்பருக்குக் கூடுதல் அழுத்தம் போடணும், அதை மாற்றிக் கேட்டால் ஸ்டோர்ஸில் முறைக்கிறார்கள்.

மணிக்கு ஐந்து நிமிசம் கையை விட வேண்டும். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள், நாணுக்கும் நரம்புக்கும் மொத்தமாக ஒரு மணி நேரம் விடுவதைவிட அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் உதவுகிறது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலையை மாற்றிக் கொடுங்கள், எங்களில் பலருக்கு ரெண்டு மூன்று வேலை தெரியும். 110 டார்கெட்டை நிறுத்திவையுங்கள், அதை ஒரு டாக்டரும் டைலர்கள் ரெண்டு பேரும் லைனில் நின்று பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

சூப்பர்வைசர் டப்பாவிலிருந்து பெயர் தெரியாத மாத்திரை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மரத்துப்போகிறது, ராத்திரி எழுப்புகிறது, பொருள் நழுவுகிறது என்று ஒருத்தர் முதல் தடவை சொன்ன நாளிலேயே ஒரு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, கூலி பிடிக்காமல் இஎஸ்ஐக்கு அனுப்புங்கள். உங்கள் முதலாளிகள் சங்கங்கள் நூல் விலைக்கும் வரிக்கும் டெல்லி வரை போகின்றன, நாங்களும் பார்க்கிறோம். அடுத்த தடவை போகும்போது இந்தக் கை, தோள் நோய்களையும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், எங்கள் பக்கத்துக் கையெழுத்துகளைத் திரட்டித் தர நாங்கள் தயார்.

அக்காவுக்கு வருகிற 18ஆம் தேதி ஆபரேசன். அவருடைய மெஷினில் வேறு ஆளை நிரந்தரமாக உட்கார வைக்காதீர்கள், திரும்பி வருகிறவரை இடம் இருக்கிறது என்று அதே போர்டில் எழுதி ஒட்டுங்கள்.

— கை ஜாயின்ட் அடிக்கிற ஒரு ஓவர்லாக் டைலர், திருப்பூர்